தங்கச்சியின் இயற்பியல் பிஎச்.டி.க்கு நகையை அடகு வைக்கலாமா?

பாம்பன் வாடை | ஜூன் 24, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பாம்பன். நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். அப்பா வத்தை என்கிற சின்னப் படகில் நண்டு வலை விடுகிறார், அம்மா கடல்பாசி எடுக்கிறார். தங்கச்சி இந்த மே மாதம் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். எங்கள் தெருவில் இவ்வளவு தூரம் படித்தது அவள் ஒருத்திதான்.

அவள் மேலே படிக்க ஆசைப்படுகிறாள், அதுவும் கோட்பாட்டு இயற்பியல். கருவி, ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் தாளும் பேனாவும் வைத்துக் கணக்குப் போட்டே செய்கிற இயற்பியல் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் போய் விசாரித்தோம். வருஷம் 80,000 ரூபாய் கட்டணம், ஐந்து வருஷம் ஆகும், விடுதிக்குத் தனி என்றார்கள். உதவித்தொகை உண்டா என்று கேட்டால் "முதலில் சேருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். ஜூலை 10-க்குள் முதல் தவணை கட்ட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் முடிந்து இந்த மாதம் 15-ஆம் தேதிதான் படகு இறங்கியது. கையில் ஒன்றும் இல்லை. அவள் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்த 6 பவுன் இருக்கிறது. அதை வைத்தால் இரண்டு வருஷம் ஓட்டலாம், அதன் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மா வைக்கலாம் என்கிறார். அப்பா பேசவே மாட்டேன் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடிப் பனை | ஜூன் 24, இரவு 11.15

அண்ணா, முதல் காரியம், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

நான் சாயல்குடிப் பக்கம், அப்பா பனையேறி. இப்போது சென்னையில் இதே துறையில் நான்காம் வருஷ ஆராய்ச்சி மாணவி. பிஎச்.டி. சேர்ந்த பிறகு வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்கியதில்லை, நான்தான் மாதாமாதம் அனுப்புகிறேன். நல்ல இடங்களில் இது காசு கட்டிப் படிக்கிற படிப்பே இல்லை. அவர்கள் நமக்கு மாதம் பணம் தந்து ஆராய்ச்சி செய்ய வைப்பார்கள். முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி சேர்த்துத் தருவார்கள்.

உள்ளே போக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கோட்பாட்டுக்காரர்களுக்கு முக்கியமானது ஜெஸ்ட். தரமணி கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு ஐ.சி.டி.எஸ். என்ற கோட்பாட்டு அறிவியல் மையம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம், பிரயாக்ராஜ் ஹரிஷ்-சந்திரா நிறுவனம் எல்லாம் இந்த ஒரே தேர்வை வைத்து நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. அடுத்து சி.எஸ்.ஐ.ஆர். நெட். இதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் அது நம் பெயரில் வரும், நாம் சேரும் பல்கலைக்கழகத்துக்கு அதைக் கொண்டுபோகலாம். மூன்றாவது கேட் தேர்வு. ஐ.ஐ.டி.க்களுக்கு இது உதவும், மதிப்பெண் 3 வருஷம் செல்லும்.

தங்கச்சியிடம் இதைச் சொல்லுங்கள். நெட் தேர்வு மொத்தம் 200 மதிப்பெண், அதில் பகுதி சி மட்டும் 100. 30 கேள்வியில் 20 எழுதினால் போதும். எம்.எஸ்சி. தேர்வுக்கு நாம் மனப்பாடம் செய்த வழித்தருவிப்புகள் அங்கே உதவாது. தினமும் கணக்குப் போட்ட கைதான் உதவும்.

நேர்காணலும் அப்படித்தான். என்னைக் கரும்பலகை முன்னால் நிற்க வைத்து முதலில் கேட்டது குவாண்டம் இல்லை. "ஒரு சின்னக் குளத்தில் படகு மிதக்கிறது, படகுக்குள் இரும்பு நங்கூரம். அதைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" நான் அப்படியே இருக்கும் என்றேன். அவர்கள் தப்பு என்று சொல்லவில்லை. "சரி, நங்கூரம் அதே எடையில் கடுகளவு இருந்தால்?" என்று மட்டும் கேட்டார்கள். ஒரு நிமிஷம் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், சாக்பீஸ் விரலில் பிசுபிசுத்தது. அப்புறம் பிடிபட்டது. எதையும் அதன் கடைசி எல்லை வரை இழுத்துப் பார்ப்பது, இந்தத் துறையில் நான் தினமும் செய்கிற வேலையே அதுதான். விடையைத் தங்கச்சி சொல்லட்டும்.

உச்சிப்புளிக்காரன் | ஜூன் 25, காலை 6.50

தம்பி, யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உதவித்தொகை வரும், சரி. ஐந்து ஆறு வருஷம் கழித்து என்ன? என் சித்தப்பா மகன் இயற்பியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக ஓடுகிறான். வயது 38. வருஷா வருஷம் வேலை நீடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது, அவன் அம்மா கோயில் கோயிலாகப் போகிறார்.

உன் அப்பாவுக்கு எத்தனை வருஷம் வத்தை தள்ளத் தெம்பு இருக்கும்? பி.எட். ஒரு பட்டம் வாங்கினால் முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். ராமநாதபுரம் மாவட்டத்திலேயே பள்ளியில் வேலை, வீட்டுச் சோறு. பிள்ளை கெட்டிக்காரி, அந்தத் தேர்வை நிச்சயம் தாண்டுவாள். அக்கறையில்தான் சொல்கிறேன்.

பாம்பன் வாடை | ஜூன் 25, மாலை 5.20

உச்சிப்புளி அண்ணன் சொன்னதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா முதல் தடவையாகத் தலையாட்டினார். தங்கச்சி எழுந்து வெளியே போய்விட்டாள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

சாயல்குடித் தங்கச்சிக்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் சொல்லும் தேர்வெல்லாம் எழுதிச் சேர அடுத்த வருஷம் ஆகிவிடுமே? அதுவரை ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று ஊர் பேசும். அதற்குப் பயந்துதான் அம்மா நகையை எடுக்கச் சொல்கிறார்.

இராமநாதபுரம் வாத்தியார் | ஜூன் 25, இரவு 8.30

தம்பி, 31 வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு வருஷப் பயம்தான் நம் மாவட்டத்துப் பிள்ளைகளைத் தவறான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். அவசரத்தில் கிடைத்த இடத்தில் காசு கட்டிச் சேர்வார்கள். வழிகாட்டிக்கு இந்தத் துறையே தெரியாது. மூன்றாம் வருஷம் தலைப்பை மாற்றச் சொல்வார், நான்காம் வருஷம் பிள்ளை நின்றுவிடும். கட்டிய காசும் போகும், அந்தத் துறையின் மேல் இருந்த ஆசையும் போகும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

நகை அடகு என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் கலாம் ஐயா ஞாபகம் வரும். திருச்சியில் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டுச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர அவருக்குச் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா ஜோகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தக் கையை நான் கும்பிடுகிறேன். ஆனால் அது 1954 வாக்கில் ஒரு பொறியியல் படிப்புக்குக் கட்டிய பணம். உன் தங்கச்சி போக நினைக்கிற வழியில் நாடே பணம் கொடுக்கத் தயாராக இருக்கும்போது, அம்மாவின் நகை எதற்கு?

உச்சிப்புளித் தம்பி சொன்னதும் பொய் இல்லை. பிஎச்.டி.க்குப் பிறகு இரண்டு மூன்று இடத்தில் முதுமுனைவர் ஆராய்ச்சி என்று தற்காலிக வேலை, அதன் பிறகுதான் நிரந்தர வேலை. எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் மறைக்கக் கூடாது. ஆனால் நெட் எழுதினால் கல்லூரி வேலைக்கும் தகுதி வருகிறது. இப்போது அந்தத் தேர்வின் முடிவே மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். ஆக, ஒரே படிப்பு இரண்டு பக்கமும் கதவு திறக்கிறது. பி.எட். எங்கும் ஓடிப்போகாது.

இன்னொன்று. கோட்பாட்டு இயற்பியல் என்றால் சென்னை, பெங்களூரு மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லட்சுமணன் நேரிலா இயக்கவியலுக்கு, அதாவது காரணத்துக்கு நேர் விகிதத்தில் விளைவு வராத இயக்கங்களைப் படிக்கிற துறைக்கு, ஒரு மையத்தையே வளர்த்தார். உலகம் திரும்பிப் பார்த்த வேலை, மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. தரமணி நிறுவனத்தின் கதையும் அப்படித்தான். அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி நடத்திய கருத்தரங்குதான் 1962-ல் நிறுவனமானது. எந்த ஊர் என்பதைவிட யாரிடம் சேர்கிறோம் என்று பாருங்கள். அவர் கடந்த ஐந்து வருஷத்தில் என்ன எழுதியிருக்கிறார், அவரிடம் படித்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியம் 1991-லிருந்து இருக்கிறது. கட்டுரைகள் இலவசம், பாம்பனில் உட்கார்ந்து போனிலேயே படிக்கலாம்.

தொண்டிக் கரை | ஜூன் 26, காலை 7.05

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. நான் ஜே.ஆர்.எஃப். வாங்கி ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். உதவித்தொகை உண்டு, ஆனால் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. சேர்ந்த கடிதம், வங்கி விவரம், துறைத் தலைவர் கையெழுத்து என்று ஒவ்வொரு மேசையிலும் காகிதம் தூங்கியது. பணம் வந்தபோது மொத்தமாக வந்தது, ஆனால் அந்த ஏழு மாதமும் அறை வாடகை யாரும் நிறுத்தி வைக்கவில்லையே. மெஸ் பாக்கியைக் கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் வலிக்கிறது.

அதனால் அந்த 6 பவுனை இப்போது தொடாதீர்கள். அடுத்த வருஷம் சேரும்போது முதல் சில மாதத்துக்குத் தேவைப்பட்டால் கொஞ்சம் அடகு வைத்து, நிலுவை வந்ததும் மீட்டுவிடலாம். நிறுவனமே தன் பணத்தில் தரும் இடங்களில் இந்தத் தாமதம் குறைவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சேரும் முன்பு அங்கே இருக்கிற ஒரு மாணவரைக் கூப்பிட்டு "போன மாதப் பணம் எப்போது வந்தது?" என்று கேளுங்கள்.

அப்புறம் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழை மத்திய அரசுத் தேர்வில் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி என் ஒரு வருஷம் போனது.

கீழக்கரைக் காக்கா | ஜூன் 26, இரவு 10.45

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டுப் பக்கம் யாரும் பேசவில்லை, அதை நான் சொல்கிறேன். என் மச்சான் மகள் அமெரிக்காவில் இதே துறையில் இருக்கிறாள். அங்கேயும் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டியதில்லை. இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் உதவியாளர் வேலை கொடுத்து, கட்டணத்தையும் தள்ளுபடி செய்து, மாதம் செலவுக்கும் தருவார்கள். ஆனால் அங்கே போய்ச் சேரும் வரைதான் செலவு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் டாலரில் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, விசா, விமான டிக்கெட். பல இடங்களில் கேட்டால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ஜெர்மனியில் பிஎச்.டி. மாணவரைச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டே எடுப்பது வழக்கம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இத்தாலியில் திரியெஸ்தே என்ற ஊரில் ஐ.சி.டி.பி. என்ற மையம் இருக்கிறது. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964-ல் ஆரம்பித்தது. வளரும் நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வருஷ டிப்ளமோ, தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. அதுவும் கடற்கரை ஊர்தான். தங்கச்சி அதற்கும் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி யாரும் காத்திருக்காதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அது உயிராக இருந்தது, நினைத்தால் மனசு ஆறவில்லை.

இராமநாதபுரம் வாத்தியார் | ஜூன் 27, காலை 9.00

மாநில அரசிலும் ஒன்று இருக்கிறது. முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை, மாதம் 25,000 ரூபாய் வீதம் மூன்று வருஷம், தேர்வு வைத்துத் தருகிறார்கள். எம்.எஸ்சி.யில் பல்கலைக்கழக முதலிடம் என்றால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. பெண்ணுக்கு எத்தனையாவது இடம்?

பாம்பன் வாடை | ஜூன் 27, இரவு 9.10

ஐயா, அண்ணன் போனில் நான் எழுதுகிறேன், தங்கச்சி. துறையில் மூன்றாவது. அதனால் இன்ஸ்பயர் இல்லை.

எல்லாரும் எனக்காக இவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகத் தூங்கவில்லை. உச்சிப்புளி அண்ணன் மேல் கோபம் இல்லை. அன்றைக்கு வெளியே போனது அழுகை வந்ததால்தான். அவர் சொன்னது எனக்கு முன்பே தெரியும். வேலை கிடைக்காமலும் போகலாம். ஆனால் இரண்டு வருஷமாக ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணைய வகுப்புத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலகிருஷ்ணன் நடத்திய வகுப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் ஒரு கணக்கு மூன்று நாள் வராமல் இருந்து, நாலாம் நாள் அம்மாவோடு பாசி காயப்போடும்போது வந்தது. கையை உதறிவிட்டு மணலிலேயே எழுதிப் பார்த்தேன், சரியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வேறு எந்த வேலையிலும் நான் பார்த்ததில்லை. ஐந்து வருஷம் அதைச் செய்யச் சம்பளமும் தருவார்கள் என்றால், அப்புறம் பள்ளிக்கூட வேலைக்குப் போனாலும் எனக்குக் குறையில்லை.

சாயல்குடி அக்கா, நீர்மட்டம் இறங்கும். நங்கூரம் படகுக்குள் இருக்கும்போது தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் தன் பருமன் அளவு மட்டும்தான் தள்ளும். இரும்பு தண்ணீரைவிட அடர்த்தி, அதனால் இரண்டாவது குறைவு. கடுகளவு நங்கூரம் என்றால் உள்ளே விழுந்ததும் எதையுமே தள்ளாத மாதிரிதான். சரியா அக்கா?

எந்தப் பிரிவை எடுப்பது என்றும் சொல்லுங்கள். எல்லாத் துகளும் அதிர்கிற மிகச் சின்ன இழைகள்தான் என்று பார்க்கிற இழைக் கோட்பாடு படிக்க ஆசை, ஆனால் அதில் இடம் குறைவு என்கிறார்கள்.

சாயல்குடிப் பனை | ஜூன் 27, இரவு 11.50

சரிதான் தங்கச்சி. என்னைவிட வேகமாகச் சொல்லிவிட்டாய். என்னிடம் அடுத்துக் கேட்டது அலை. 10 மீட்டர் ஆழமே உள்ள கடலில் நீண்ட அலை எவ்வளவு வேகத்தில் போகும்? ஈர்ப்பு முடுக்கம், ஆழம் இரண்டை மட்டும் வைத்து, பரிமாணம் பார்த்தே வர வேண்டும். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர். நம் பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, மன்னார் வளைகுடா பக்கம் ஆழம் அதிகம். உன் வீட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் இதே சூத்திரம் வேறு வேறு விடை தருகிறது, யோசித்துப் பார்.

பிரிவைப் பற்றி: இழைக் கோட்பாட்டில் போட்டி அதிகம் என்பது உண்மை. ஆசை இருந்தால் அதற்காக விடாதே. ஆனால் முதல் வருஷம் எல்லாருக்கும் பாட வகுப்புகள்தான், அதற்குள் புள்ளியியல் இயற்பியல், செறிபொருள் இயற்பியல் (திட, திரவப் பொருள்களைப் பற்றியது), ஈர்ப்பலை எல்லாம் ருசி பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஈர்ப்பலைக்கு இப்போது ஆள் தேவை. விண்வெளியிலிருந்து வரும் அந்த அலைகளைப் பிடிக்கிற லைகோ-இந்தியா ஆய்வகத்தை மகாராஷ்டிராவில் கட்ட 2023-ல் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்தது. சிறுசேரி சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலேயே அந்தக் கோட்பாட்டைச் செய்கிறார்கள். எதை எடுத்தாலும் பைத்தான் நிரல் எழுதக் கற்றுக்கொள். நாளைக்கு ஆராய்ச்சியை விட்டு வெளியே வந்தாலும் சோறு போடும்.

காத்திருக்கும் வருஷத்தில் காலையில் டியூஷன், மீதி நேரம் படிப்பு என்று வை. நான் அப்படித்தான் ஓட்டினேன். டிசம்பரில் நெட், பிப்ரவரியில் கேட், அதை ஒட்டியே ஜெஸ்ட். பழைய வினாத்தாள்களை நான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன்.

உச்சிப்புளிக்காரன் | ஜூன் 28, காலை 6.30

தங்கச்சி, மணலில் எழுதிப் பார்த்தேன் என்று சொன்னாயே, அதைப் படித்தபிறகு எனக்குப் பேச ஒன்றும் இல்லை. மதுரையில் தேர்வு போட்டால் எங்கள் அக்கா வீடு மாட்டுத்தாவணி பக்கம்தான். முதல் நாள் ராத்திரி அங்கே தங்கிக்கொள்.

பாம்பன் வாடை | ஆகஸ்ட் 31, இரவு 8.15

அண்ணன் எழுதுகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. நகை பெட்டியில்தான் இருக்கிறது. ஓ.பி.சி. சான்றிதழ் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. கேட் விண்ணப்பம் போட்டாயிற்று, பெண்களுக்குப் பாதிக் கட்டணம்தான். காலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 11 பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அந்தக் காசைப் புத்தகத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கிறாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த நங்கூரக் கணக்கை அவள் சொன்னபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "போட்ட பொருள் தண்ணிக்குள்ளதான கிடக்கு, எப்படி இறங்கும்?" என்று கேட்டார். நேற்றுக் காற்று பலமாக இருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. அப்பாவே பிளாஸ்டிக் வாளியில் முக்கால் தண்ணீர் பிடித்து வந்தார். அலுமினியக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, நண்டு வலைக்குக் கோக்கிற ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். கிண்ணம் விளிம்பு வரை தாழ்ந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் கரித்துண்டால் வாளியில் ஒரு கோடு போட்டார். அப்புறம் குண்டுகளைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டார். அம்மா, நான், டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் குனிந்து பார்த்தோம். கோட்டுக்குக் கீழே அரை விரல் இறங்கி நின்றது.

அப்பா குண்டுகளை மறுபடி கிண்ணத்தில் போட்டுப் பார்த்தார், கோட்டுக்கே வந்தது. மூன்று தடவை செய்தார். கையைத் துடைத்துக்கொண்டு தங்கச்சியிடம், "மதுரைக்கு என்னைக்குப் போகணும்? நானும் வர்றேன்" என்றார்.